காலிக் கோட்டையை வழிகாட்டியுடன் நடந்து பார்த்தல்: முதன்முறை செல்வோருக்கு

இலங்கையின் தென்மேற்குக் கரையில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு சிறு நிலமுனை முழுவதையும் மதிலால் வளைத்துக் கட்டிய ஊர் காலிக் கோட்டை. போர்த்துக்கேயர் 1588 அளவில் தொடங்கிய அரணை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1640இல் கைப்பற்றிக் கல்மதிலும் கொத்தளங்களுமாக விரித்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த இவ்வூர் 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மதிலுக்குள் இன்றும் நீதிமன்றங்கள் நடக்கின்றன, பள்ளிவாசலில் தொழுகை நடக்கிறது, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள். அருங்காட்சியகத்தில் இருப்பதைப்போல ஒவ்வொரு கட்டடத்துக்கும் விளக்கப் பலகை இங்கே கிடையாது என்பதால், தனியாகச் சுற்றுகிறவர் பெரும்பாலும் கடைகளையும் தேநீர்ச் சாலைகளையும் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். மதில் ஏன் ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் தாழ்ந்தும் இருக்கிறது, தெருக்கள் ஏன் சில இடங்களில் சாய்ந்து ஓடுகின்றன என்பதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஒருவர் கூட வர வேண்டும்.

இங்கே முதன்முறை வருபவருக்கு நான் சொல்லும் ஆலோசனை ஒன்றுதான்: முதலில் மதிலை நடந்து முடியுங்கள், தெருக்களுக்குள் பிறகு இறங்குங்கள். இந்த ஊரின் அமைப்புக்கான காரணங்கள் மதிலில்தான் இருக்கின்றன. பல நடைச்சுற்றுகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கடைகள் தெருக்களில் இருப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

போவதற்கு முன்

டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே மழை குறைந்தவை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இக்கரையை நேராகத் தாக்கும் காலமாதலால் மதில்மேல் காற்றும் சாரலும் கடுமையாக இருக்கும். ஆயினும் நாள் முழுவதும் மழை பெய்வதில்லை என்பதால் அக்காலத்தில் போகவே கூடாது என்று சொல்வதற்கில்லை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. அம்மாதங்களில் காலை நடையே நல்லது.

எந்த மாதமானாலும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். மதில்மேல் நிழல் என்பதே இல்லை. காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் மதிலை முடிப்பது ஒரு வழி. மாலை மூன்றரை அளவில் தெருக்களில் தொடங்கி, சூரியன் மறையும் வேளையில் மேற்கு மதிலுக்கு வந்து சேர்வது இன்னொரு வழி. இரண்டாவதைத் தேர்ந்தால் மதிலை முதலில் பார்க்கும் ஒழுங்கு குலைந்துவிடும் என்பதால், நான் காலையையே பரிந்துரைப்பேன். அந்தி வானத்தைப் பார்க்க விரும்புகிறவர் மாலையில் வழிகாட்டி இல்லாமல் மீண்டும் ஒருமுறை மேற்கு மதிலுக்கு ஏறிக்கொள்ளலாம். கோட்டைக்குள் நுழைவதற்கோ மதில்மேல் நடப்பதற்கோ கட்டணம் கிடையாது. அருங்காட்சியகங்களுக்கு மட்டும் தனி நுழைவுச்சீட்டு உண்டு. போயா (முழுநிலா நாள்) முதலிய அரச விடுமுறை நாள்களில் அவை திறந்திருக்கின்றனவா என்று முன்கூட்டியே கேட்டறிந்து செல்வது நல்லது.

கொழும்பிலிருந்து வருபவர் கரையோரப் புகையிரதத்தில் வருவதானால் தெற்கு நோக்கிய பயணத்தில் வலப்பக்க இருக்கையைப் பிடிக்க வேண்டும்; கடல் அந்தப் பக்கமே வரும். விரைவாக வர விரும்புவோருக்குக் கொழும்புக்கு அருகிலுள்ள மாகும்புரவிலிருந்து தெற்கு அதிவேகப் பாதை வழியாகப் பேருந்துகள் உள்ளன. பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ‘கொழும்பு கோட்டை’ என்பது தலைநகரின் புகையிரத நிலையம், ‘காலி முகத்திடல்’ கொழும்பில் உள்ள கடற்கரைத் திடல். இரண்டுக்கும் காலிக் கோட்டைக்கும் நூறு கிலோமீற்றருக்கு மேல் இடைவெளி. இணையத்தில் அறை பதிவு செய்யும்போது இதில் தடுமாறுகிறவர்கள் உண்டு.

காலியின் புகையிரத நிலையமும் பேருந்து நிலையமும் அருகருகே உள்ளன. அங்கிருந்து பார்த்தால் துடுப்பாட்ட மைதானத்துக்கு அப்பால் மதில் தெரியும். நடந்தே போய்விடலாம், முச்சக்கர வண்டி தேவையில்லை.

வழிகாட்டியைத் தேர்தல்

இந்த நடையின் தரம் பாதிக்கு மேல் இதைப் பொறுத்தது என்பதால் இதற்குச் சற்று நேரம் செலவிடலாம். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. நாடு முழுவதும் வழிகாட்டும் தகுதி உடையவர், சாரதியாகவும் வழிகாட்டியாகவும் இருப்பவர், குறிப்பிட்ட ஒரு பிரதேசத்துக்கோ தலத்துக்கோ மட்டும் உரியவர் என வகைகள் உண்டு. ஒளிப்படம் ஒட்டிய அட்டையை அவர்கள் வைத்திருப்பார்கள். அட்டையைக் காட்டுமாறு கேட்பது அவமரியாதை ஆகாது. உண்மையான வழிகாட்டி கேட்காமலே காட்டுவார்.

கோட்டை வாசலிலும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் தாமாக வந்து பேச்சுக் கொடுப்பவர்களைப் பற்றி ஒரு சொல். அவர்களுள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து ஊர்க்கதைகளை நன்கறிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ‘இன்று மட்டும் இரத்தினக்கல் விலைக்குறைப்பு’, ‘இன்று மட்டும் ஒரு விழா’ என்று தொடங்கும் பேச்சு எங்கே முடியும் என்பது எல்லோரும் அறிந்ததே. காலி நெடுங்காலமாக இரத்தின வணிகம் நடக்கும் ஊர். கல் வாங்க வேண்டும் என்றால் அதற்கென்று வேறொரு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். சுற்றைத் தொடங்கும் முன்பே, ‘கடை எதற்கும் போக மாட்டோம்’ என்று தெளிவாகச் சொல்லிவிடலாம். அதைக் கேட்டதும் ஆர்வம் குன்றுகிறவர் உங்களுக்கு ஏற்ற வழிகாட்டி அல்லர்.

பேசி முடிவு செய்யும்போது நான்கு செய்திகள் தெளிவாக வேண்டும்: மொத்த நேரம் எவ்வளவு, கட்டணம் ஆளுக்கா குழுவுக்கா, அருங்காட்சியகச் சீட்டு அதில் சேர்ந்ததா, எந்த மொழி. தமிழ் பேசும் வழிகாட்டி வேண்டுமானால் முன்னதாகவே சொல்லி ஏற்பாடு செய்ய வேண்டும். கோட்டைக்குள் வாழும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் தமிழ் பேசப்படுவதால் ஆள் கிடைப்பது அரிதன்று. ஆனால் பயண முகவர்கள் தாமாக அதைச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். இரண்டரை மணி நேரம் என்பது நியாயமான அளவு. ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்பவர் மதிலைத் தவிர்க்கப்போகிறார் என்று பொருள்.

ஆளைச் சோதிக்க எளிய கேள்வி ஒன்று உண்டு. பழைய வாசலில் உள்ள இரண்டு சின்னங்களும் யாருடையவை என்று கேளுங்கள். விடை கீழே வருகிறது.

எதை அணிவது, எதைக் கொண்டு போவது

தொப்பி, ஒரு போத்தல் தண்ணீர், வழுக்காத அடியுள்ள காலணி. அவ்வளவே போதும். வழிபாட்டு இடங்களுக்குள் போக எண்ணினால் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை தேவை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது இந்நாட்டில் கடும் அவமதிப்பாகக் கொள்ளப்படும். ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

நிலப்பக்க மதில்

முதன்மை வாசலுக்குள் நுழைந்ததும் மதில்மேல் ஏறுங்கள். இந்த வாசல் ஒல்லாந்தருடையது அன்று. போக்குவரத்து வசதிக்காக ஆங்கிலேயர் 1873இல் மதிலை உடைத்துத் திறந்தது. மேலே நின்று நகரப் பக்கம் பார்த்தால் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்னும் மூன்று கொத்தளங்கள் வரிசையாக நிற்கும்: துறைமுகப் பக்கம் சூரியன், நடுவில் சந்திரன், மேற்கே நட்சத்திரம். கோட்டையில் உள்ள பதினான்கு கொத்தளங்களுள் மிகப் பெரியவை இவைதாம். கடலிலிருந்து வந்தவர்கள் தங்கள் அரணின் மிகத் தடித்த பகுதியை ஏன் நிலத்தை நோக்கிக் கட்டினார்கள் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். கடற்பக்கத்தைப் பாறைகளும் அலைகளும் காத்தன. கோட்டையைக் கைப்பற்ற வரும் படை நிலவழியாகத்தான் நெருங்க முடியும். 1640 மார்ச்சில் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்பட்டு, வில்லெம் யாகொப்ஸ் கொஸ்டர் என்னும் ஒல்லாந்தத் தளபதி போர்த்துக்கேயரிடமிருந்து காலியைப் பிடித்ததும் தரைவழித் தாக்குதலால்தான். அவ்வழியே உள்ளே வந்தவர்கள் அதே வழியை முதலில் அடைத்தார்கள்.

சந்திரக் கொத்தளத்தின் மேல் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1883ஆம் ஆண்டினது. போர் வெற்றிக்கோ ஆளுநருக்கோ எழுப்பியதன்று. காலியில் மருத்துவம் செய்த பீற்றர் டானியேல் அந்தோனிஸ் என்னும் மருத்துவரைப் பாராட்டி ஊர்மக்கள் பணம் சேர்த்துக் கட்டியது. அவர் அப்போது உயிரோடு இருந்தார் என்பதையும் நல்ல வழிகாட்டி சேர்த்துச் சொல்வார்.

இங்கே நின்று மைதானத்தையும் பேருந்து நிலையத்தையும் ஒருமுறை பாருங்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது அவ்விரண்டும் நீரில் சிதைந்தன. மதிலுக்குள் இருந்த ஊர் பெரும்பாலும் தப்பியது. மைதானத்தில் மறுபடி டெஸ்ட் துடுப்பாட்டப் போட்டி நடந்தது 2007 டிசம்பரில்தான். அந்த நாளை நேரில் கண்டவர்கள் இன்னும் கோட்டைக்குள் இருக்கிறார்கள். உங்கள் வழிகாட்டியும் அவர்களுள் ஒருவராக இருக்கக்கூடும். இதைப் பற்றிக் கேட்பதற்கு முன் அவர் வீட்டில் இழப்பு ஏதும் உண்டா என்பதை மனத்தில் கொண்டு, அவராகப் பேசத் தொடங்கினால் கேட்பதே நாகரிகம்.

மேற்கு, தெற்கு மதில்கள்

நட்சத்திரக் கொத்தளத்திலிருந்து தெற்கே திரும்பி ஈயோலஸ், கிளிப்பன்பேர்க், நெப்டியூன், ட்ரைட்டன் என்று நடக்க வேண்டும். ஈயோலஸ் என்னும் காற்றுத் தெய்வமும் நெப்டியூன், ட்ரைட்டன் என்னும் கடல் தெய்வங்களும் மேற்குப் பக்கத்தில் நிற்பது தற்செயலன்று என்று தோன்றுகிறது. பருவக்காற்று மோதும் முகம் அது.

இப்பகுதியில் கொத்தளங்களைக் காட்டிலும் கற்களையே நான் அதிகம் பார்ப்பேன். மதிலுக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள்: கருங்கல்லுக்கு இடையிடையே வெளிறிய, இலேசான கட்டிகள் பதிந்திருக்கும். அவற்றின் முகத்தில் வளைந்து நெளிந்து ஓடும் வரிப்பள்ளங்களும் சிறு நட்சத்திரக் குழிகளும் தெரியும். அவை முருகைக்கற்கள், ஒருகாலத்தில் கடலடியில் உயிரோடு வளர்ந்தவை. சாந்து அரித்துப் போன இடங்களில் இவ்வரிகள் இன்னும் தெளிவாக இருக்கும். விரலால் தடவலாம், பெயர்த்து எடுக்கலாகாது. காப்பிடப்பட்ட தொல்லியல் சின்னத்தைச் சேதப்படுத்துவது குற்றம்.

ட்ரைட்டன் கொத்தளத்தில் கட்டாயம் நிற்க வேண்டும். ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டில் தெருக்களுக்கு அடியில் கழிவு வாய்க்கால்களை அமைத்து, அவை கடல் ஏறும்போது நிரம்பி வற்றும்போது அழுக்கை வெளியே இழுத்துச் செல்லுமாறு செய்திருந்தார்கள்; அதற்கு நீர் இறைக்கும் காற்றாலை ஒன்று இக்கொத்தளத்தில் இயங்கியது. ஊருக்குள் இறங்கிய பிறகு தெருவோரத்தில் அந்த வாய்க்கால்கள் எங்கே ஓடுகின்றன என்று காட்டச் சொல்லுங்கள். எத்தனையோ அழகிய கட்டடங்கள் இருக்க ஒரு கழிவு வாய்க்காலைப் போய்ப் பார்ப்பதா என்று தோன்றலாம். என் கணிப்பில் இந்தக் கோட்டையின் மிகச் சிறந்த பொறியியல் அதுதான்.

கொடிப்பாறை தென்முனையில் உள்ளது. துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களுக்கு மறைபாறைகளைப் பற்றி இங்கிருந்து எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்த எச்சரிக்கை வெறும் சடங்கன்று. ஆவொண்ட்ஸ்டர் என்னும் ஒல்லாந்தக் கப்பல் 1659இல் காலித் துறைமுகத்திலேயே மூழ்கியது, அதன் சிதைவிலிருந்து எடுத்த பொருள்கள் பின்னால் ஆய்வுக்குள்ளாயின. இன்று கொடிப்பாறையிலிருந்து இளைஞர்கள் பணம் வாங்கிக்கொண்டு கடலுக்குள் குதித்துக் காட்டுகிறார்கள். கீழே பாறை. பணம் கொடுத்து அதை ஊக்குவிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவர்களைப் பார்த்து நீங்களும் குதிக்கவே வேண்டாம். மதில் நெடுகிலும் பல இடங்களில் தடுப்புக் கம்பி இல்லை, மழைக்குப் பின் புல்லும் கல்லும் வழுக்கும். படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி நடப்பதுதான் இங்கே மிகப் பெரிய ஆபத்து. சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

உட்ரெக்ட் முனைக் கொத்தளத்தில் வெள்ளைக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1848இல் கட்டிய முதல் விளக்கம் தீயில் அழிந்த பிறகு, 1939இல் இப்போதைய இடத்தில் எழுந்தது, உயரம் 26.5 மீற்றர். எதிரே இருக்கும் மீரான் ஜும்மா பள்ளிவாசலை முதலில் பார்க்கும் எவரும் தேவாலயம் என்றே நினைப்பார்கள், முகப்பு அப்படி. வெள்ளிக்கிழமை நண்பகலில் உள்ளே போவதைத் தவிர்க்கவும்.

இதன்பின் கிழக்கு மதில் துறைமுகத்தை நோக்கி வடக்கே திரும்பும். அரோரா, அக்கர்ஸ்லூட் என்று வரும் கொத்தளங்களுள் பின்னது, காலியைப் பிடித்த கொஸ்டர் பிறந்த ஊரின் பெயரைத் தாங்கியது. அதற்கப்பால் உள்ள கறுப்புக் கோட்டை போர்த்துக்கேயர் காலத்துப் பழம்பகுதி.

பழைய வாசல்

மதில் நடை முடியும் இடம் இதுவாக அமைவது மிகவும் பொருத்தம். துறைமுகத்தைப் பார்த்தவாறு இருக்கும் இவ்வாசலின் வெளிப்புற உச்சியில் பிரித்தானிய அரச சின்னம் இருக்கிறது. உள்ளே வந்து திரும்பிப் பாருங்கள்: இரு சிங்கங்கள் தாங்கும் கேடயத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் எழுத்துகள், மேலே ஒரு சேவல், கீழே உரோம எண்ணில் 1669. புதிதாக வந்த ஆட்சியாளர் வெளியிலிருந்து வருவோர் காணும் முகத்தை மட்டும் தமதாக்கிக்கொண்டு உட்புறத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன சோதனைக் கேள்விக்கு இதுவே விடை. ஆண்டை நீங்களே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். வழிகாட்டி சொல்லும் ஆண்டுகளை இப்படிக் கல்லோடு ஒப்பிடும் பழக்கம் மற்ற இடங்களிலும் பயன்படும்.

வாசலை உள்ளடக்கிய நீண்ட கட்டடம் ஒல்லாந்தரின் பண்டகசாலை. கறுவாவும் மற்றச் சரக்குகளும் குவிந்த இடம். இப்போது அங்கே கடல்சார் தொல்பொருள் அருங்காட்சியகம் இயங்குகிறது. களைப்பில்லாவிட்டால் அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

தெருக்களுக்குள்

இனி ஊர் எளிதாகப் புரியும். தெருக்கள் நேர்கோடுகளாக ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஆனால் ஓரத் தெருக்கள் மதிலின் வளைவை ஒட்டியே போகின்றன. மதிலில் நடந்து வந்தவருக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

தெருப் பெயர்கள் பல பழைய தொழில்களைச் சொல்கின்றன. லெயின் பான் வீதியில் கயிறு திரித்தார்கள். வைத்தியசாலை வீதியில் ஒல்லாந்தர் காலத்து மருத்துவமனைக் கட்டடம் இன்று உணவகங்களும் கடைகளுமாக இருக்கிறது. பரவ வீதி என்றும் ஒன்றுண்டு. தமிழ் வாசகர் அந்தப் பெயர்ப்பலகையருகே ஒரு நிமிடம் நிற்பார் என்று நம்புகிறேன். வீடுகளை நோக்கும்போது தூண்கள் தாங்கும் தெருத் திண்ணையையும், கதவு திறந்திருந்தால் அதற்கப்பால் தெரியும் நடுமுற்றத்தையும் கவனிக்கலாம். திறந்த கதவு அழைப்பு ஆகாது. இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள், உள்ளே படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

தேவாலய வீதியில் 1755இல் கட்டி முடித்த ஒல்லாந்தச் சீர்திருத்தத் தேவாலயம் உள்ளது. சிலுவை வடிவக் கட்டடம்; உள்ளே கூரையைத் தாங்க நடுத்தூண்கள் இல்லை. தரை முழுவதும் பதித்த கல்லறைக் கற்களில் மண்டையோடும் மணற்கடிகாரமும் செதுக்கியிருக்கின்றன. மிக இளவயதில் இறந்தவர்களின் பெயர்கள் எத்தனை என்று பார்த்தால், இங்கு வந்து பணம் சேர்த்தவர்களின் வாழ்க்கை எவ்வளவு குறுகியதாக இருந்தது என்பது தெரியும். அதன் அருகிலுள்ள பெரிய விருந்தகம் 1684இல் ஒல்லாந்தத் தளபதிகளுக்காக எழுந்த கட்டடம். சற்றுத் தள்ளி ஆங்கிலேயரின் சகல பரிசுத்தர் தேவாலயம், 1871. நீதிமன்றச் சதுக்கத்தில் பெருமரங்களின் நிழலுண்டு. வேலைநாளில் சென்றால் கறுப்பு அங்கி அணிந்த சட்டத்தரணிகள் கோப்புகளோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். சுற்றை முடித்து உட்கார இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வழிகாட்டிக்குப் பேசிய தொகையை இங்கே கொடுத்து, அவர் சொன்ன விதம் பிடித்திருந்தால் மேலதிகமாகவும் ஏதாவது கொடுங்கள். மதிய உணவுக்கு எங்கே போகலாம் என்று அவரிடம் கேட்பதானால், ‘நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்’ என்று கேளுங்கள்.

கொழும்புக்குத் திரும்புவோருக்கு

கோட்டை எழுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே காலி பெயர்பெற்ற துறைமுகம் என்பதற்கு ஒரு கல் சாட்சியாக இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைத் தாங்கிய அக்கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் உள்ளன. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கு அளித்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். அது இப்போது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருப்பதால், மூலக்கல்லைப் பார்க்க விரும்புவோர் திரும்பும் வழியில் அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். எழுத்துகள் தேய்ந்துள்ளன, பாரசீகப் பகுதி மிகவும் அழிந்துவிட்டது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும் கோணத்தில் நின்று பார்த்தால் தமிழ் வரிகளில் சில எழுத்துகளை அடையாளம் காணலாம்.